கேள்வி பதில்: பாலிசி ரினியூவல் போனுக்கு வந்த கதை

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எப்போது எழுதினாலும் கடிதங்கள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: வருடா வருடம் பாலிசியைப் புதுப்பிப்பதைப் போனிலேயே முடித்துக்கொள்வது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். சொந்த விவரங்கள் நிறைய இருப்பதால் பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

மதுரை வாசகர்: முன்பெல்லாம் ஏஜென்ட் வீட்டுக்கு வருவார், காபி குடிப்பார், செக் வாங்கிக்கொண்டு போவார். இப்போது எங்கள் தெருவில் அறுபது தாண்டியவர்கள்கூடப் போனில்தான் கட்டுகிறார்கள். கரன்ட் பில்லை இன்னும் நேரில் போய்க் கட்டுகிற ஆட்கள் இதில் மட்டும் எப்படி மாறினார்கள்? சோம்பேறித்தனமா, பந்தாவா?

கரன்ட் பில் என்றீர்கள் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பில் கட்ட மறந்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள், அபராதத்தோடு கட்டினால் அன்றைக்கே விளக்கு எரியும், போன மாதம் எரிந்த விளக்குக்கு எந்தச் சேதமும் இல்லை. பாலிசி அப்படியில்லை. பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவே சொல்கிறது. பாலிசி முடிகிற தேதியின் நள்ளிரவோடு காப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, வருடத்துக்கு ஒரு முறை கட்டுகிற பாலிசிகளுக்கு. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த 30 நாளுக்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி அறுந்துபோகாது, அவ்வளவுதான். கட்டாமல் இருந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பொதுவாக அந்தச் செலவு கிடைக்காது. 30 நாளும் தாண்டிவிட்டதா, நீங்கள் புது ஆள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குச் செலவு கிடைக்காத காத்திருப்புக் காலம், 36 மாதம் வரை போகக்கூடியது, மறுபடி முதலிலிருந்து ஓடும். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று என்று பட்டியல் போட்டு வைத்திருக்கும் காத்திருப்பும் அப்படியே. தொடர்ந்து 60 மாதம் கட்டியவரின் கிளெய்மை, மோசடி நிரூபணமானால் ஒழிய, "நீங்கள் இந்த நோயை அப்போது சொல்லவில்லை" என்று தள்ள முடியாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறதே, அந்த 60 மாதக் கணக்கும் பூஜ்யத்துக்குப் போகும். இவ்வளவும் ஒரே ஒரு தேதியில் தொங்குகிறது, அந்தத் தேதியோ வருடத்துக்கு ஒரு தடவை வருவது, கை பழகாதது. மாதா மாதம் வரும் பில்லை நினைவில் வைத்திருப்பவருக்கும் போன ஆடியில் எந்தத் தேதியில் கட்டினோம் என்பது நினைவிருக்காது.

அதனால் என் கணிப்பு இதுதான்: போன் ஜெயித்தது பணம் கட்டுவதைச் சுலபமாக்கியதால் மட்டும் என்று நினைக்கவில்லை, நாளை நினைவுபடுத்துவதால். ஒரு மாதம் முன்பிருந்தே குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மெயில் என்று துரத்துகிறார்கள். அந்தச் செய்தியிலேயே லிங்க் இருக்கிறது. தேதி ஞாபகம் வந்த நொடிக்கும் பணம் கட்டுகிற நொடிக்கும் நடுவே "நாளைக்குப் பார்த்துக்கலாம்" நுழைய இடமில்லை.

இன்னொன்று ரசீது. செக்கை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு அது போய்ச் சேர்ந்ததா, பாஸானதா, பாலிசித் தாள் எப்போது வரும் என்று காத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது பெரும்பாலும் சில நிமிடங்களில் பிடிஎஃப் வந்துவிடுகிறது, புது முடிவுத் தேதியோடு. வயதானவர்கள் இதற்குத்தான் மயங்குகிறார்கள். பிள்ளையிடம் போனைக் கொடுத்துக் கட்டச் சொன்ன அப்பா, கட்டி முடித்ததும் போனைத் திரும்ப வாங்கி அந்தத் தேதியைத் தன் கண்ணாலேயே ஒரு தடவை படித்துப் பார்ப்பார். வரிச் சலுகையும் ஒரு காரணம், 80டி என்று நமக்குப் பழகிய அந்தக் கழிவு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியவருக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம், ஆனாலும் மாதச் சம்பளக்காரர்களை ரொக்கத்திலிருந்து நகர்த்தியதில் அதற்கும் பங்கு உண்டு.

சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். 1989-இலேயே ஃபிரெட் டேவிஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர், புதுத் தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்பதற்கு இரண்டு காரணம் சொன்னார்: இது எனக்குப் பயன்படும் என்ற எண்ணம், இது சுலபம் என்ற எண்ணம். இரண்டில் முதலாவதுதான் பயன்பாட்டோடு நெருங்கிப் போனது. நம் பெரியவர்களைப் பார்த்தால் அது சரி என்றுதான் படுகிறது. எழுத்து சின்னதாக, இங்கிலீஷில், ஓடிபி வந்து மறைவதற்குள் தட்டச் சொல்லும் அந்தத் திரை யாருக்கும் சுலபமில்லை. இருந்தும் சகித்துக்கொள்கிறார்கள் என்றால் பயன் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். பந்தாவுக்கு வேறு நூறு விஷயம் இருக்கிறது, பாலிசி கட்டியதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

கும்பகோணம் வாசகி: எங்கள் ஏஜென்ட் பல வருடப் பழக்கம், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இந்த முறை நாங்களே போனில் கட்டினால் அவர் வருத்தப்படுவாரோ என்று என் கணவர் தயங்குகிறார். இன்னொன்று, மற்றவர்களுக்கெல்லாம் வருகிற நினைவூட்டல் எங்களுக்கு மட்டும் வருவதே இல்லை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். பாலிசித் தாளை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், முகவரிக்குக் கீழே ஒரு செல் நம்பர் இருக்கும். அது யாருடையது? பலருக்கு இதைப் பார்க்கும்போதுதான் தெரியும், விண்ணப்பம் நிரப்பிய அன்று ஏஜென்ட் தன் நம்பரையே போட்டிருக்கிறார் என்று. எல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஓடிபி வந்தால் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுகூடச் செய்திருப்பார். ஆனால் விளைவு என்ன? நிறுவனம் அனுப்புகிற ஒவ்வொரு நினைவூட்டலும் அவர் போனுக்குப் போகிறது, அவர் ஒரு மாதம் படுத்த படுக்கையாக இருந்தாலோ தொழிலை விட்டுவிட்டாலோ உங்கள் பாலிசி சத்தமில்லாமல் முடிந்துபோகும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி உங்கள் நம்பரைப் பதியுங்கள். புதுப்பிப்பதற்கு முன்னால் இது. மெயில் முகவரியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வருத்தம் பற்றி: நீங்களே போனில் கட்டினாலும் பாலிசியில் அவருடைய ஏஜென்ட் கோடு இருக்கும்வரை கமிஷன் பொதுவாக அவருக்குப் போய்விடும். அதனால் அண்ணனிடம் நேராகச் சொல்லலாம், பணம் நாங்கள் கட்டிவிடுகிறோம், கிளெய்ம் என்று வந்தால் நீங்கள் நிற்க வேண்டும் என்று. நல்ல ஏஜென்ட் அதற்குச் சந்தோஷப்படுவார். வாங்கிய பிரீமியத்தை விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குச் சேர்க்க வேண்டும் என்ற சட்டப் பொறுப்பு அவர் தலையிலிருந்து இறங்குகிறது அல்லவா. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது) படிவத்தை வைத்துக்கொண்டு விழிக்கும்போது உதவுவது ஆப் இல்லை, அப்படி ஒரு அண்ணன்தான். அவரை விட்டுவிடாதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: என் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். வேறு போன் வேண்டாம் என்கிறார். நெட் இல்லாமல் சாதாரண போனிலேயே காப்பீட்டைப் புதுப்பிக்கிற வசதி ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறதாமே, உண்மையா? நம் ஊரில் ஏன் இல்லை?

உண்மைதான், அந்த நாடு கானா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாம் பார்க்க வேண்டிய ஊர் அதுதான்.

கானாவில் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போனால் காசை எண்ணி வைத்தால்தான் வைத்தியம். அந்த முறைக்கு அங்கே வழங்கிய பெயரே 'கேஷ் அண்டு கேரி'. 2003-இல் சட்டம் போட்டுத் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கான பணத்தில் பெரும் பகுதி மக்கள் கட்டும் பிரீமியத்திலிருந்து வருவதில்லை, பொருள்கள் மீதும் சேவைகள் மீதும் போட்ட 2.5 சதவீதக் காப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், பரம ஏழைகள் இவர்களுக்குப் பிரீமியமே இல்லை. ஆனால் ஒரு சிக்கல் வைத்தார்கள்: உறுப்பினர் அட்டை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வருடா வருடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும்.

அங்கேதான் கூட்டம் மாட்டிக்கொண்டது. விடிவதற்கு முன்னால் வந்து வரிசையில் நிற்பது, நெட்வொர்க் இல்லை, மெஷின் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா. கோகோ தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கட்டுகிற பிரீமியத்தோடு இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் புதுப்பிக்காமல் விட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அட்டை செத்துப்போனது தெரியும், மறுபடி பழைய காசு வைத்தியம்.

2018 டிசம்பரில் நாடு முழுக்க ஒரு வசதி கொண்டுவந்தார்கள். ஸ்டார் 929 ஹேஷ் என்று எந்த போனிலும் அடிக்கலாம், நெட் வேண்டாம், ஆப் வேண்டாம். திரையில் எழுத்தாக ஒரு பட்டியல் வரும், எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுத்து, உறுப்பினர் எண்ணைப் போட்டு, போனில் இருக்கும் மொபைல் மணியிலிருந்து (போன் எண்ணிலேயே பணம் வைத்துக்கொள்ளும் கணக்கு) பணம் கட்டினால் முடிந்தது. நாம் ஒரு காலத்தில் பேலன்ஸ் பார்க்க அடித்தோமே, அதே தொழில்நுட்பம். அட்டை எப்போது காலாவதியாகிறது என்பதையும் அதே எண்ணில் பார்த்துக்கொள்ளலாம். தன் போனிலிருந்து அடுத்தவருக்கும் புதுப்பிக்கலாம், அதனால் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் கிராமத்தில் இருக்கும் அம்மாவின் அட்டையை அங்கிருந்தே உயிரோடு வைத்திருக்க முடிகிறது.

அங்கே மக்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டால், முதல் காரணம் அந்த வரிசை. இரண்டாவது, மொபைல் மணி அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த விஷயம். எம்டிஎன் நிறுவனம் 2009-இலேயே அங்கே அதைத் தொடங்கிவிட்டது. சந்தை முனைகளில் மஞ்சள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் போனில் ஏற்றிவிடுவார். காப்பீட்டுக்காக யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. மீன் விற்றவளுக்குப் பணம் அனுப்பிய அதே விரல் இதற்கும் போதும். கென்யாவிலும் இதே கதைதான், 2007-இல் எம்-பெசா என்ற மொபைல் மணி வந்த பிறகு தேசிய காப்பீட்டு நிதிக்கான மாதச் சந்தாவை மக்கள் போனிலேயே கட்டினார்கள்.

யார் இதற்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள், போன் இல்லாதவர்கள், சிக்னல் எட்டாத ஊர்க்காரர்கள், தப்பான எண்ணுக்குப் பணம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள். அலுவலகத்தை மூடிவிட்டு எல்லாம் போனில்தான் என்றால் இவர்கள்தான் வெளியே நிற்பார்கள்.

நம் ஊருக்கு வருவோம். ஸ்டார் 99 ஹேஷ் என்ற வங்கிச் சேவை 2014 முதலே நாடு முழுக்க இருக்கிறது, பட்டன் போனுக்கென்று யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது. பணம் அனுப்பும் வழி இருக்கிறது, அதன் மேல் காப்பீட்டுப் புதுப்பித்தலை யாரும் சரியாகக் கட்டவில்லை. இங்கே பாலிசி விற்பது பல நிறுவனங்கள், கானாவில் ஒரே அரசுத் திட்டம். ஒரே எண், ஒரே பட்டியல் என்று செய்ய அவர்களால் முடிந்தது. இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆப்பை இறக்கு என்கிறது. வருடத்தில் ஒரு நாள் திறக்க ஒரு ஆப்!

உங்கள் அப்பாவுக்கு வழி: பட்டன் போனுக்கும் குறுஞ்செய்தி வரும், அதனால் நினைவூட்டல் அவருக்கே வரட்டும், பணத்தை நீங்கள் உங்கள் போனிலிருந்து கட்டுங்கள். நிறுவனத்தின் தளத்தில் பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் பொதுவாகப் போதும்.

சிங்கப்பூர் வாசகர்: புதுக்கோட்டையில் இருக்கும் பெற்றோருக்கு நான்தான் பிரீமியம் கட்டுகிறேன். என் சிங்கப்பூர் நம்பரையே பாலிசியில் கொடுத்திருக்கிறேன். சரிதானே?

கட்டுவதற்குச் சரி. சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் செல் எண்களை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள், உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று கேஷ்லெஸ் அனுமதி வந்ததா, கூடுதல் விவரம் கேட்டிருக்கிறார்களா என்ற செய்தியெல்லாமும் உங்களுக்குத்தான் வரும், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். அங்கே பக்கத்தில் இருப்பவர் ஒருவரின் எண்ணையும் இரண்டாவது எண்ணாகக் கொடுங்கள். பிடிஎஃப் உங்கள் மெயிலில் மட்டும் இருந்து பயனில்லை. பிரின்ட் எடுத்து புதுக்கோட்டை வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கோவை வாசகர்: கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போகிற மாதிரி ஆட்டோபே போட்டுவிட்டால் ரினியூவலையே மறந்துவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

மறதிக்காரர் என்றால் போடுங்கள். முன்பு 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தட்ட வேண்டியிருந்தது, காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அந்த வரம்பை 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு லட்சமாக்கியது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பதும் விதி.

ஆனால் மறந்தே விடலாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டோபேயில் அதிகபட்சத் தொகை ஒன்று பதிவாகியிருக்கும். பிரீமியமோ மாறிக்கொண்டே இருப்பது: வயது ஒரு படி தாண்டினால் ஏறும், நிறுவனம் விலையைத் திருத்தினால் ஏறும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதே, அப்போது இறங்கியது. ஏறிய தொகை நீங்கள் வைத்த உச்சத்தைத் தாண்டினால் பணம் போகாது, நீங்களோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். கணக்கில் இருப்பு இல்லாவிட்டாலும் இதே கதிதான். பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீடு 20 ரூபாய், ஜூன் 1-இல் தொடங்கும் வருடத்துக்கு வங்கியே எடுத்துக்கொள்கிறது. அந்த 20 ரூபாய் கணக்கில் இல்லாததால் காப்பு போனவர்கள் உண்டு. ஆட்டோபே போட்டவரும் புதுத் தேதியுள்ள பாலிசி கைக்கு வந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும்.

திருச்சி வாசகி: கடைசி நாள் ராத்திரி கட்டினேன். வங்கியில் பணம் போய்விட்டது, நிறுவனத்தின் தளத்தில் 'தோல்வி' என்று வந்தது. கை கால் ஓடவில்லை. மறுபடி கட்டலாமா, இரண்டு தடவை போய்விடாதா?

கடைசி நாள் என்றால் யோசிக்காமல் மறுபடி கட்டுங்கள், வேறு வழியில்: முதலில் யுபிஐ என்றால் இப்போது கார்டு அல்லது நெட் பேங்கிங். நிறுவனத்துக்குப் பணம் சேரவில்லை என்றால் காப்பு இல்லை, உங்கள் கணக்கிலிருந்து போனது என்பது அங்கே செல்லாது. தோற்றுப்போன யுபிஐ பணம் கடைக்காரருக்கு, இங்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு, சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒன்றைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நச்சரிக்க வேண்டியிருக்கும், ஆனால் வரும். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யுடிஆர் என்று 12 இலக்க எண் இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். வெறும் "பணம் போச்சுங்க" என்றால் மறுமுனையில் உள்ளவரால் எதையும் தேட முடியாது. அடுத்த வருடம் ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள், முன்னால் கட்டினாலும் புது வருடம் பழையது முடிந்த பிறகுதான் தொடங்கும், ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை.

சேலம் வாசகர்: 'முதல்வர் காப்பீட்டு அட்டை காலாவதியாகிறது, 499 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கவும்' என்று லிங்க்கோடு வாட்ஸ்அப் வந்தது. கட்டட்டுமா?

கட்டாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயனாளி ஒரு ரூபாய்கூடப் பிரீமியம் கட்டுவதில்லை, அரசுதான் கட்டுகிறது. ரினியூவலைப் போனில் செய்யும் பழக்கம் பரவியதால்தான் இந்தத் திருட்டுக்கும் வாய்ப்பு வந்தது: எல்லோருக்கும் லிங்க் வருகிறது, எல்லோரும் அழுத்துகிறார்கள், நடுவில் ஒரு பொய் லிங்க்கை விட்டால் யார் கவனிக்கப்போகிறார்கள்.

தனியார் பாலிசிக்கும் இதையே சொல்கிறேன். லிங்க் உண்மையா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட அதை அழுத்தாமல், பாலிசித் தாளில் அச்சாகியிருக்கும் இணைய முகவரியை நீங்களே தட்டிப் போய்க் கட்டுவது நிம்மதி. ஏபிகே என்று முடிகிற கோப்பு போனில் ஆப்பை ஏற்றுவது, அது எதுவும் பாலிசி இல்லை, திறக்க வேண்டாம். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் அழைப்புகளுக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள், சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிட்டு "ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், போனஸ் வந்திருக்கிறது" என்றால் வைத்துவிடுங்கள். ஐஆர்டிஏஐ என்பது காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம், அது பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண்.

சென்னை வாசகி: நான் மூன்று வருடமாக வரும் லிங்க்கை அழுத்திக் கட்டிவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை. போன மாதம் என் தோழி அவள் பாலிசியில் பையன் பெயரே இல்லாததைக் கண்டுபிடித்தாள். நான் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு நிமிடத்தில் முடிவதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். ஏஜென்ட் வந்து காபி குடித்த காலத்தில், அந்த அரட்டைக்கு நடுவே "பையன் வேலைக்குப் போயிட்டானா? ஃப்ளோட்டரில் இனி வராதே" என்று, குடும்பத்துக்கே சேர்த்து எடுக்கும் பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை வரும். லிங்க் அதைக் கேட்காது. பிள்ளைகள் பெரும்பாலும் 25 வயது வரைதான் குடும்ப பாலிசியில் இருக்க முடியும், அதன் பிறகு பெயர் தானாக விழுந்துவிடும், தனி பாலிசிக்கு மாற்றிக்கொண்டால் சேர்ந்த காத்திருப்புக் கணக்கு தொடரும். உங்கள் தோழி இப்போதே விசாரிப்பது நல்லது.

பணம் கட்டும் பக்கத்தில் தொகைக்கு மேலே கொஞ்சம் சுருட்டிப் பாருங்கள். யார் யார் பெயர், பிறந்த தேதி சரியா. போனஸாகச் சேர்ந்த காப்புத்தொகை இந்த வருடமும் வந்திருக்கிறதா. நீங்கள் கேட்காத கூடுதல் சேவை எதற்காவது ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கிறார்களா. இருந்தால் எடுத்துவிடுங்கள், தொகை குறையும். அறை வாடகை வரம்பு, ஆஸ்பத்திரிச் செலவில் நீங்கள் பங்கு போட வேண்டிய சதவீதம், இவற்றில் மாற்றம் என்றால் அதே பக்கத்தில் இருக்காது, மெயிலோடு வந்த நோட்டீஸில் இருக்கும். காப்புத்தொகையை உயர்த்தச் சொல்லி ஒரு பட்டன் மின்னும். உயர்த்தலாம், ஆனால் கூடுதலான தொகைக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும், நிறுவனம் உடல்நிலை விவரமும் கேட்கலாம். அப்படியே பழைய தொகைக்குப் புதுப்பித்தால் மறுபடி மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது, போன வருடம் கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காக ரினியூவலை மறுக்கவும் கூடாது.

நிறுவனமே பிடிக்கவில்லை, வேறு இடத்துக்கு மாற வேண்டும் என்றால் போனுக்கு லிங்க் வரும்வரை காத்திருக்காதீர்கள். மாறுவதற்குப் பொதுவாக 45 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்வார்கள், நினைவூட்டல்களோ பல நேரம் கடைசி 30 நாளில்தான் வேகம் எடுக்கும். கட்டு கட்டு என்று துரத்துகிறவர்கள் மாறலாம் என்று ஏன் துரத்தப்போகிறார்கள். போன் காலண்டரில் முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் நீங்களே ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: அம்மாவுக்கு 74 வயது. லிங்க்கைத் திறந்தால் பிரீமியம் கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறது. போனில் யாரிடம் கேட்பது, கஸ்டமர் கேரில் பாட்டுதான் போடுகிறார்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் செய்யக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. போன வருட ரசீதையும் இந்த வருட நோட்டீஸையும் பக்கத்தில் வைத்து, போன வருடத் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றம் குறைவாகத் தெரியும். 10-ஐத் தாண்டினால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் எழுதுங்கள், பாட்டுக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பதில் சரியில்லை என்றால் ஆணையத்தின் பீமா பரோசா தளம், அல்லது 155255. அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் புகார் முடியும்வரை பிரீமியத்தைக் கட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள், 74 வயதில் ஒரு இடைவெளி விழுந்தால் அம்மாவுக்குப் புது பாலிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.